மீன்பிடிக் கப்பல் சர்டிபிகேட் சரிபார்க்குற ரெண்டு நாள் கோர்ஸ்: போய்ட்டு வந்தவன் எழுதுற ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், இந்த கோர்ஸ் கப்பல்ல ஏறி வேலை பாக்கப் போறவங்களுக்கு இல்ல. ஆள் அனுப்புற ஆபீஸ்ல டேபிள்ல உக்காந்து பேப்பர் பாக்குறவங்க, இன்சூரன்ஸ் ஆளுங்க, கப்பல் ஏஜென்சில ஓடுறவங்க, இவங்களுக்குத்தான். சிங்கப்பூர்ல தஞ்சோங் பகார் பக்கம் ஒரு ட்ரெய்னிங் சென்டர் நடத்துது, பேரு வேணாம், ஏன்னா கொஞ்சம் திட்டவும் போறேன். ஃபீஸ் 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதுக்கு மேல ஜிஎஸ்டி 9 சதவீதம், அரசாங்கம் படிப்புக்குக் குடுக்குற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் செல்லாது. எனக்கு ஆபீஸ்ல கட்டிட்டாங்க, சொந்தக் காசுன்னா யோசிச்சிருப்பேன்.

எங்க ஆபீஸ்ல பெரும்பாலும் சரக்குக் கப்பல் ஆளுங்க பேப்பர்தான் வரும், அதுக்கு எஸ்டிசிடபிள்யூ (கப்பல் ஆளுங்க பயிற்சி, சான்றிதழுக்கான சர்வதேச ஒப்பந்தம்) பழகிப்போச்சு, கண்ண மூடிட்டு செக் பண்ணிடுவோம். ஆனா நடுவுல மீன்பிடிக் கப்பல் ஆளுங்க ஃபைலும் வரும், டூனா புடிக்கிற லாங்லைனர் (நீளக் கயித்துல தூண்டில் கட்டி மீன் புடிக்கிற கப்பல்) மாதிரி, அங்கதான் எல்லாரும் முழிப்போம். ஏன்னா 1978 எஸ்டிசிடபிள்யூ மீன்பிடிக் கப்பலுக்குப் பொருந்தாது, அதுலயே விலக்கு போட்டுட்டாங்க. எம்எல்சி 2006 (கடல் தொழிலாளர் ஒப்பந்தம்) இருக்கே, சிங்கப்பூர் 2011லயே ஒப்புதல் குடுத்தது, அதுவும் மீன்பிடிக் கப்பல தொடாது. அப்ப மீன் புடிக்கிறவனுக்கு என்னதான் இருக்குன்னா, அதச் சொல்லித் தர்றதுக்குத்தான் இந்த கோர்ஸ்.

சொல்லித் தர்றவரு ரிட்டயர் ஆன கேப்டன், கொச்சிக்காரர், வகுப்பு முழுக்க இங்கிலீஷ், ஆனா டீ பிரேக்ல நம்மகிட்ட நல்லா தமிழ் பேசுவாரு. மனுஷன் பவர்பாயின்ட் ஆள் இல்ல, அதுவே பெரிய நிம்மதி. முதல் நாள் காலைல நேரா 1966க்குப் போயிட்டாரு. அந்த வருஷம் ஜூன்ல ஜெனீவால ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) போட்ட மீனவர் தகுதிச் சான்றிதழ் ஒப்பந்தம், நம்பர் 125, அமலுக்கு வந்தது 1969 ஜூலைல. இதுக்கு ஒப்புதல் குடுத்த நாடுங்க ரொம்பக் கம்மி, பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி, பிரேசில், பனாமா, செனகல்னு கொஞ்சம்தான், இந்தியாவும் இல்ல சிங்கப்பூரும் இல்ல. அப்புறம் எதுக்கு இதப் படிக்கணும்னு என் பக்கத்துல இருந்த அக்கா கேட்டே கேட்டுட்டாங்க. அவங்க இங்கயே பொறந்து வளந்தவங்க, ஒரு கப்பல் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல க்ளெய்ம் பாக்குறாங்க, கேள்வி கேக்க கொஞ்சமும் கூச்சம் இல்ல.

கேப்டன் சொன்ன பதில் எனக்குப் புடிச்சிருந்தது. கப்பல் எந்த நாட்டுக் கொடி பறக்க விடுதோ அந்த நாட்டுச் சட்டம்தான் கப்பல்ல செல்லும், பனாமா கொடின்னா பனாமா, அந்தப் பட்டியல்ல பனாமா இருக்கு, உங்க மேசைக்கு வர்ற ஃபைல்ல பனாமா கொடி இல்லாத வாரம் இருக்கா சொல்லுங்கன்னாரு. அக்கா சிரிச்சிட்டாங்க. இன்னொண்ணு, 2007ல ஐஎல்ஓ மீன்பிடி வேலைக்குன்னு சி188ங்குற (நம்பர் 188) ஒப்பந்தத்தக் கொண்டாந்தப்ப வயசு, மெடிக்கல், வேலை ஒப்பந்தம், தங்குற இடம்னு பழைய மீனவர் ஒப்பந்தம் நாலையும் புதுசாக்குனாங்க, ஆனா இந்த 125 மட்டும் அந்தப் பட்டியல்ல வரல. அதனால அறுபது வருஷப் பழசா இருந்தாலும் அது இன்னும் தனியா நிக்குது.

ஒப்பந்தத்துல இருக்கற சரக்கு கொஞ்சம்தான், ஆனா தெளிவு. கடல்ல மீன் புடிக்கிற, 25 கிராஸ் டன்னுக்கு கொறையாத கப்பல்னா சர்டிபிகேட் உள்ள ஸ்கிப்பர் (மீன்பிடிக் கப்பல் கேப்டன்) இருக்கணும். 100 டன்னுக்கு மேல போய், அந்த நாடு குறிச்சு வச்ச கடல் பகுதில தொழில் பண்ணா மேட்டும் (ஸ்கிப்பருக்கு அடுத்த ஆள்) வேணும். எஞ்சின் பவர் ஒரு அளவத் தாண்டுனா எஞ்சினியர், அந்த அளவ நாடே முடிவு பண்ணிக்கலாம். வயசு: ஸ்கிப்பருக்கு 20, மேட்டுக்கு 19, எஞ்சினியருக்கு 20. கரையோரமா மட்டும் ஓடுற கப்பல்ல ஸ்கிப்பர், மேட்டுக்கும், சின்னக் கப்பல் எஞ்சினியருக்கும் 18 வரைக்கும் எறக்கிக்கலாம். கடல் அனுபவம் மேட்டுக்கு டெக்குல மூணு வருஷம், ஸ்கிப்பருக்கு நாலு, எஞ்சினியருக்கு எஞ்சின் ரூம்ல மூணு. ஒர்க்‌ஷாப்ல எஞ்சின் பிரிச்சு மாட்டுன காலத்துலயும் ஒரு பங்க எஞ்சினியருக்கு சேத்துக்கலாம். பயிற்சிப் பள்ளில படிச்ச காலத்தக் கழிச்சுக்கலாம், ஆனா எவ்வளவு படிச்சாலும் 12 மாசத்துக்கு மேல கழிக்க முடியாது. பள்ளிக்கூடம் பாதி கடல் பாதின்னு ஏமாத்திட முடியாதபடிக்கு யாரோ விவரமான ஆள்தான் எழுதிருக்காங்க.

பரீட்சைல என்ன கேக்கணும்னும் இருக்கு. மோதல் தடுக்குற சர்வதேச விதி, கப்பல் திருப்புறது, கருவி வச்சு வழி பாக்குறது, வலை, கயிறு, வின்ச்சு இதுங்க கிட்ட கைய காலக் குடுக்காம வேலை பாக்குறது, இப்படி. எஞ்சினியருக்கு குளிர்சாதனம், கரண்டு, பம்பு. மீன் கண்டுபிடிக்கிற கருவி, புடிச்ச மீன கழுவி அடுக்குறது இதெல்லாம்கூட நாடு விரும்புனா சேத்துக்கலாமாம். நம்ம ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாம, மீன் பாடு எங்க இருக்குன்னு தண்ணி நெறத்த வச்சே சொல்ற பெருசுங்க எத்தனை பேரு, அவங்களுக்கு இதுல பாதி பரீட்சை வாய்ல கேட்டாலே பாஸ்தான்.

மத்தியானம் முழுக்க எஸ்டிசிடபிள்யூ-எஃப், அதாவது மீன்பிடிக் கப்பலுக்கான எஸ்டிசிடபிள்யூ. இது ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) போட்டது, 1995ல லண்டன்ல, ஆனா போதுமான நாடு சேர்றதுக்குள்ள 2012 செப்டம்பர் ஆயிடுச்சு. 24 மீட்டரும் அதுக்கு மேலயும் உள்ள கப்பல், எஞ்சினியருக்கு 750 கிலோவாட்டும் அதுக்கு மேலயும். 2024 மே மாசம் அத மொத்தமா திருத்தி எழுதி 2026 ஜனவரி 1ல இருந்து புதுசு அமல். இங்கதான் என் முதல் குறை: கையில குடுத்த நோட்ஸ் பழைய பதிப்பு. கேப்டன் வாயாலதான் புதுசச் சொன்னாரு, நாங்க மார்ஜின்ல எழுதிக்கிட்டோம். 480 வெள்ளி வாங்குறவங்க நோட்ஸ மறுபடி பிரிண்ட் பண்றதுக்கு என்ன கேடு?

டன் விஷயத்தையும் அரைகொறையா விட்டுட்டாங்க. 125ல சொல்ற டன் பழைய கணக்கு, இப்ப கப்பல் பேப்பர்ல வர்றது 1969 டன் அளவு ஒப்பந்தப்படி போடுற ஜிடி (கிராஸ் டன்னேஜ்), ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒரே கப்பலுக்கு ரெண்டு நம்பர் வரும், அந்த 25 கோட்டுக்கு ஒரு நம்பர் மேல நிக்கும் இன்னொண்ணு கீழ நிக்கும். சி188ல இந்தக் கொழப்பத்துக்காகவே இணைப்புல நீளத்துக்கும் ஜிடிக்கும் பட்டியல் போட்டு வச்சிருக்காங்க, 15 மீட்டர்னா 75 ஜிடி, 24 மீட்டர்னா 300, 45ன்னா 950. இத வகுப்புல ஒரு நிமிஷத்துல தாண்டிட்டாரு. டேபிள் வேலை பாக்குறவங்களுக்கு தெனமும் வர்ற தலைவலியே இதுதான், கேப்டன் சார்.

ரெண்டாம் நாள் காலைலதான் கோர்ஸோட உயிரு. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல், உள்ள ஒரு ஸ்கிப்பரோட பேப்பருங்க, எல்லாம் இவங்களே தயார் பண்ண மாதிரி. பாஸ்போர்ட் காப்பில பொறந்த தேதி 12 மார்ச் 1999. சர்டிபிகேட் குடுத்தது 8 ஜனவரி 2019. கடல் அனுபவக் கடிதத்துல 2014 ஜூன்ல இருந்து 2018 ஜூன் வரைக்கும் டெக்குல வேலை. மெடிக்கல் மூணு வருஷம் முந்தி எடுத்தது. இதுல எது தப்புன்னு கண்டுபிடிங்கன்னாரு.

எங்க டேபிள்ல ஒரு இந்தோனேசியப் பையன், முன்னாடி கப்பல்ல போனவன், இப்ப பத்தாம் தீவுல ஒரு ஏஜென்சில வேலை. அவன்தான் முதல்ல புடிச்சான், சர்டிபிகேட் வாங்குறப்ப இவனுக்கு வயசு 19, ஸ்கிப்பருக்கு 20 வேணும்னு. கேப்டன் உடனே சரின்னு சொல்லல, சர்டிபிகேட்ட நல்லாப் பாருன்னாரு, கீழ பொடி எழுத்துல கரையோரத்துக்கு மட்டும்னு இருந்துச்சு, அப்ப 18 போதும், சர்டிபிகேட் செல்லும். ஆனா அவன ஏத்தப் போறது ஆழ்கடல் லாங்லைனர்ல, அங்க செல்லாது. அதாவது பேப்பர் பொய் இல்ல, ஆனா இந்தக் கப்பலுக்கு உதவாது. இந்த ஒரு எடத்துக்கே பாதி காசு தகும்னு நெனச்சேன், ஏன்னா எங்க ஆபீஸ்ல சர்டிபிகேட் ஒரிஜினலான்னுதான் பாப்போம், எந்தக் கடலுக்குன்னு அவ்வளவா பாக்க மாட்டோம்.

அப்புறம் அக்கா மெடிக்கல புடிச்சாங்க, சி188 கணக்குல ரெண்டு வருஷம்தான் செல்லும், 18க்கு கீழன்னா ஒரு வருஷம், கண்ணுல நிறம் பாக்குற டெஸ்ட் மட்டும் ஆறு வருஷம். வயசுலயும் ஒரு வெடி இருக்கு: 2014 ஜூன்ல அந்தப் பையனுக்கு 15. மீனவர் வயசு பத்துன பழைய 1959 ஐஎல்ஓ ஒப்பந்தத்துல 15 ஓகே, சி188ல பொதுவா 16. ஆக அந்த முதல் வருஷத்த கணக்குல எடுக்குறதா வேணாமா? அதுல அரை மணி நேரம் சண்டை போட்டோம், நல்லா இருந்துச்சு.

ஆனா அந்தக் கடிதத்துல என் கண்ணுக்குப் பட்டது வேற. நாலு வருஷம், ஒரு நாள் லீவு இல்லாம, ஒரே படகு, ஒரே கையெழுத்து, ஒரே பேனா மையி. படகோட டன் எழுதல, எந்த ஊர்ல இருந்து கெளம்புச்சுன்னு எழுதல. கேப்டன் இத சும்மா “சந்தேகப்படலாம்”னு சொல்லி முடிச்சுட்டாரு. நான் விடல.

எனக்கு ஊர் பாம்பன் பக்கம், சித்தப்பா விசைப்படகுல டிரைவர், சின்ன வயசுலயே ஏறுனவரு. அந்தக் கணக்க வச்சே கேட்டேன். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு வாரத்துல திங்கள், புதன், சனின்னு மூணு நாள்தான் தொழிலுக்குப் போகும், மத்த நாள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். அப்ப வருஷத்துக்கு 43 வாரம், மூணால பெருக்குனா 130க்குப் பக்கம் தங்கல் (ஒரு தடவ கடலுக்குப் போய் வர்றது), காத்து கச்சான்னு கடலுக்குப் போக டோக்கன் குடுக்காத நாள் கழிச்சா இன்னும் கொறையும். மூணு வருஷக் கடல் அனுபவம்னா மூணு காலண்டர் வருஷமா, இல்ல 1095 நாள் கடல்ல இருக்கணுமா? ரெண்டாவதுன்னா எங்க சித்தப்பா மேட் பரீட்சை எழுதவே எட்டு வருஷத்துக்கு மேல ஆகும், ஸ்கிப்பருக்கு பதினொண்ணு. மாசக்கணக்கா கரைக்கே வராத டூனா கப்பல்ல போற பையனுக்கு மூணே வருஷம். ரெண்டு பேருல யாருக்கு கடல் அதிகம் தெரியும்?

கேப்டன் கொஞ்சம் யோசிச்சாரு. தம்பி, எப்படி எண்ணணும்னு ஒப்பந்தம் விரிச்சுச் சொல்லல, அந்தந்த நாட்டு அதிகாரி முடிவுதான், அவங்க எண்ணுனத நீ மேசைல உக்காந்து மாத்த முடியாதுன்னாரு. நேர்மையான பதில், நான் மதிக்கிறேன். ஆனா என் கேள்வி எண்றதுல மட்டும் இல்ல, அத்தாட்சிலயும்தான். பங்கு முறைல போற ஆளுக்கு சம்பளச் சீட்டு கிடையாது, அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கிடையாது, பாடு வித்து டீசல் செலவு கழிச்சு மிச்சத்த பிரிச்சுக் குடுத்துடுவாங்க. படகு ஓனர் ஒரு கடிதம் எழுதிக் குடுத்தாத்தான் உண்டு. ஓனருக்கும் இவனுக்கும் முன்பணத் தகராறுன்னா அந்தக் கடிதமும் போச்சு. கடைசில உண்மையா இருவது வருஷம் கடல்ல இருந்தவன்கிட்ட பேப்பர் இருக்காது, எவனோ காசு குடுத்து எழுதி வாங்குனவன் ஃபைல் மட்டும் அழகா இருக்கும். இத எப்படிப் பிரிச்சுப் பாக்குறது, அதான் எங்க வேலையே, அதுக்கு இந்த கோர்ஸ்ல ஒரு பக்கம்கூட இல்ல.

வழி இல்லாம இல்ல. படகு கெளம்புறதுக்கு மீன்வளத்துறை டோக்கன் குடுக்குது, அது படகு எந்த நாள் போச்சுன்னு காட்டும், மீனவர் அடையாள அட்டை இருக்கு, படகுப் பதிவுல நீளம், எஞ்சின் எல்லாம் இருக்கு. இத மூணையும் ஓனர் கடிதத்தோட பக்கத்துல வச்சுப் பாத்தா பொய் எதுன்னு ஓரளவு தெரிஞ்சுடும். தடைக்காலத்துல கடல்ல இருந்தேன்னு கடிதம் சொன்னா அங்கயே சிக்கிடுவான், ஃபைல்ல இருந்த மாதிரி லீவே இல்லாத நாலு வருஷம்லாம் எங்க பக்கத்துப் படகுல நடக்கவே நடக்காது. இந்தோனேசியப் பையனும் இதேதான் சொன்னான், அவங்க நாடு 2019ல எஸ்டிசிடபிள்யூ-எஃப்ல சேந்துச்சு, அன்காபின் அட்காபின்னு டெக்குக்கும் எஞ்சினுக்கும் தனித்தனி சர்டிபிகேட் படிப்படியா இருக்கு, ஆனா கிராமத்துல இருந்து வர்றவனுக்கு முதல் படி ஏறுறதுக்கே பழைய அனுபவத்தக் காட்டுறது பெரும் பாடுன்னான். ரெண்டு ஊர்க் கதையும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.

நம்ம பக்கம் முறையா போறவங்களுக்கு வழி இருக்கு, கொச்சில 1963ல ஆரம்பிச்ச சிஃப்நெட் (மத்திய அரசோட மீன்பிடிப் பயிற்சி நிறுவனம்), சென்னைலயும் விசாகப்பட்டினத்துலயும் கிளை இருக்கு, படிச்சுட்டு கடல் அனுபவம் சேத்து மேட், ஸ்கிப்பர் பரீட்சை எழுதலாம். இத கேப்டன் நல்லா விளக்குனாரு, அவருக்கு அந்தப் பக்கம் பழக்கம். ஆனா அது பத்தாவது முடிச்சு வர்ற பசங்களுக்கு, நாப்பது வயசு டிரைவருக்கு இல்ல.

ஒரு விஷயம் நெனச்சா சிரிப்பா வருது. இங்க வாரக்கடைசில புலாவ் உபின் பக்கம் சொந்தமா மோட்டார் படகு ஓட்டணும்னாகூட எம்பிஏ (சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையம்) லைசென்ஸ் வேணும், தியரி தனி, பிராக்டிக்கல் தனி. உல்லாசத்துக்குப் போறவனுக்கு இவ்வளவு. ஆழ்கடல்ல இருவது பேர் உயிர வச்சுக்கிட்டுப் போற ஸ்கிப்பருக்கு பல நாட்டுல சட்டமே இன்னும் வந்து சேரல.

மத்தியானம் சி188, அதுவும் நல்ல பகுதி. 2017 நவம்பர்ல அமலுக்கு வந்தது, ஆசியால முதல்ல ஒப்புதல் குடுத்தது தாய்லாந்து, 2019 ஜனவரில. மூணு நாளுக்கு மேல கடல்ல இருக்கற கப்பல்ல 24 மணி நேரத்துல 10 மணி நேரமாவது ஓய்வு, வாரத்துக்கு 77. 2018ல கேப் டவுன்ல ஒரு தைவான் மீன்பிடிக் கப்பல இந்த ஒப்பந்தத்த வச்சு முதல் தடவையா புடிச்சு வச்சத கதையாச் சொன்னாரு, வேலை ஒப்பந்தம் இல்ல, உயிர்காப்பு வளையம் மக்கிப்போய் கெடந்துச்சுன்னு. ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்துல படகு வந்து நிக்கிறத தெனம் பாக்குற ஊர்ல உக்காந்து இதக் கேக்கும்போது கொஞ்சம் உறுத்துச்சு. 1969ல இருந்து நடக்குற துறைமுகம், செனோக்கோ மீன்பிடித் துறைமுகத்தையும் 2024ல மூடி இங்கயே சேத்துட்டாங்க, நாம காலைல ஈரச்சந்தைல வாங்குற மீனுல நெறைய அங்க ஏலம் போய் வர்றதுதான், அதப் புடிச்சவன் பேப்பர் பத்தி எவனும் கேக்க மாட்டான், நானும்தான்.

சின்னச் சின்ன விஷயம்: ரூம்ல ஏர்கான் பனிக்கட்டி, ஜாக்கெட் எடுத்துட்டுப் போங்க. ப்ரொஜெக்டர் மங்கல், பின் வரிசைல உக்காந்தா ஒண்ணும் தெரியாது. டீ பிரேக்குக்கு பீ ஹூனும் கறி பஃபும், ஹலால், சைவத்துக்கு தனியா சொல்லணும், சொன்னாலும் ரெண்டாம் நாள் மறந்துட்டாங்க, கீழ கோப்பிக்கடைல தே சி குடிச்சு சமாளிச்சேன். கடைசி பரீட்சை ரொம்ப ஈசி, பேப்பரப் பாத்து எழுதலாம்னு சொன்னதுக்கப்புறம் யார் ஃபெயில் ஆவாங்க. தகுதிச் சான்றிதழ் பத்தி ஒரு கோர்ஸ், அதோட சான்றிதழே இப்படிக் கெடைக்குதேன்னு அக்கா கிண்டல் பண்ணாங்க.

கேப்டனுக்கு அஞ்சுக்கு நாலரை. சென்டருக்கு மூணு, நோட்ஸ புதுப்பிச்சு, கடல் அனுபவத்த எப்படி சரிபாக்குறதுன்னு அரை நாளாவது ஒதுக்குனா நாலு குடுப்பேன். ஃபீட்பேக் தாள்ல இதெல்லாம் எழுதிக் குடுத்தாச்சு. டூனாவோ ட்ராலரோ, மாசத்துக்கு ரெண்டு மூணு மீன்பிடி ஃபைலாவது வர்ற ஆபீஸ்னா ஒருத்தர அனுப்புங்க, வராதுன்னா வேணாம், அந்த 480ஐ வேற எதுக்காவது செலவு பண்ணுங்க.

கப்பலுக்குப் போகணும்னு இருக்கற தம்பிங்க யாராவது இதப் படிச்சா ஒண்ணு கேட்டுக்கங்க. இந்த சென்டர் குடுக்குற தாள் வெறும் வகுப்புல உக்காந்ததுக்கு அத்தாட்சி, அத வச்சு எந்தக் கப்பல்லயும் மேட்டாவோ ஸ்கிப்பராவோ ஏற முடியாது. ஊர்ல ஏஜென்ட் எவனாவது சிங்கப்பூர் கோர்ஸு, வேலை கேரண்டி, ஒரு லட்சம் கட்டுன்னு சொன்னா கட்டாதீங்க. வேலைக்குச் சேத்து விடுறதுக்கு மீனவன்கிட்ட நேராவோ சுத்தி வளைச்சோ காசு வாங்கக் கூடாதுன்னு சி188ல தெளிவா இருக்கு. அதுக்கு பதிலா நீங்க போற ஒவ்வொரு தங்கலுக்கும் டோக்கன போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, வருஷத்துக்கு ஒரு தடவ ஓனர்கிட்ட படகு நம்பர், நீளம், தேதியோட கடிதம் எழுதி வாங்கிடுங்க, சண்டை வர்றதுக்கு முன்னாடியே.